பசுமை மின்சாரம் எண்டால் கேள்வி கேட்கக் கூடாதா?

கொஞ்ச நாளைக்கு ஒருக்கா முகநூலில் ஒரு பதிவு சுற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கம் ஐஸ்லாந்தின் புவிவெப்ப மின் நிலையத்திலிருந்து கிளம்புகிற வெள்ளை நீராவி. மறுபக்கம் எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறுகள். "அவன் நிலத்துச் சூட்டில கரண்ட் எடுக்கிறான், நாங்கள் வாளியில அள்ளித் தலையில ஊத்திப்போட்டு வாறம்" எண்டு மேலே எழுதியிருக்கும். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். நடுவில் யாராவது "எங்கட சனம் திருந்தாது" எண்டு பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

முதலில் இந்தக் கணக்கை முடித்துவிடுவோம். கன்னியாவில் ஏழு கிணறுகள். தண்ணீரின் சூடு ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ், கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். குளிக்க நல்ல சூடு. டர்பைன் சுற்ற அது காணாது. ஐஸ்லாந்து இரண்டு புவித்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகிற பிளவின் மேல் குந்தியிருக்கிற நாடு. அங்கே உருகிய பாறை மேற்பரப்புக்குக் கிட்டக் கிடக்கிறது. இலங்கை மிகப் பழைய பாறையால் ஆன தீவு. எரிமலையும் இல்லை, தட்டு விளிம்பும் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, இன்னொரு வெடிப்பால் மேலே வருகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும் என்பது உலகத்தின் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்துகிற பொதுக் கணக்கு. அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்றில் 74 பாகைத் தண்ணீரை வைத்து 2006 முதல் சின்ன மின் நிலையம் ஒன்றை ஓட்டுகிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்களுக்குக் குளிர்விக்க உறைநிலைக்குச் சற்று மேலான தண்ணீர் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. திருகோணமலை வெயிலில் அதற்கு எங்கே போவது?

சரி, கணக்கு முடிந்தது. ஆனால் நாங்கள் இதை எழுதுவது வெப்பநிலையைத் திருத்துவதற்காக இல்லை. அந்தப் பதிவில் இருக்கிற பார்வைதான் எங்களைத் தொந்தரவு செய்கிறது. அந்தப் பார்வைக்கு நிலத்துக்குக் கீழே இருக்கிற சூடு தெரிகிறது. நிலத்துக்கு மேலே இருக்கிற சனம் தெரியவில்லை. "பசுமை", "சுத்தமான சக்தி" என்ற சொற்களைப் போட்டவுடன் அது யாருடைய காணி, யாரைக் கேட்டீர்கள், லாபம் யாருக்கு என்ற கேள்விகள் எல்லாம் வளர்ச்சிக்கு எதிரான முணுமுணுப்பு ஆகிவிடுகின்றன. இந்தப் பழக்கத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

புவிவெப்பத்தோடு சண்டை இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1904இல் இத்தாலியின் லார்தெரெல்லோவில் நிலத்திலிருந்து வந்த நீராவியால் ஐந்து மின்குமிழ்களை எரியவைத்தார்கள். அதே இடத்தில் இன்றைக்கும் மின்சாரம் எடுக்கிறார்கள். ரெய்க்யாவிக் நகரம் ஒரு காலத்தில் நிலக்கரிப் புகைக்குள் கிடந்தது. 1930இல் வெந்நீரைக் குழாய் வழியாக ஒரு பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள், பிறகு வீடுகளுக்கு. 1970களின் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நாடு முழுக்க அந்த வழிக்குத் திரும்பியது. இன்றைக்கு ஐஸ்லாந்தில் பத்து வீட்டில் ஒன்பது வீடு நிலத்துச் சூட்டில்தான் குளிர் காய்கிறது. வெயிலுக்கும் காற்றுக்கும் காத்திராமல் இரவு பகலாக ஓடுகிற மின்சாரம் இது. மழை பொய்த்தால் நீர்மின் படுத்துவிடும். டீசலுக்கு டொலர் வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்டில் இருந்துகொண்டு மின்சாரத்தின் அருமையை நாங்கள் யாரிடமும் படிக்கத் தேவையில்லை.

அதனால்தான் கென்யாவை எடுத்துக்கொள்கிறோம். ஐஸ்லாந்தைக் காட்டுகிறவர்கள் கென்யாவைக் காட்டுவது குறைவு. ஆனால் எங்களைப் போன்ற, கடன்பட்ட, ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ஆண்ட நாடு அது. எண்ணெயில்லாமல், மழையை நம்பிக் கிடந்த நாடு இன்றைக்குத் தன் மின்சாரத்தில் கிட்டத்தட்டப் பாதியைப் பூமியின் சூட்டிலிருந்து எடுக்கிறது. ஆபிரிக்காவில் புவிவெப்பத்துக்கு முன்னால் நிற்பது அதுதான். நைவாஷா ஏரிக்குத் தெற்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில், ஒல்காரியா என்ற இடம். 1981இல் 15 மெகாவாட்டோடு முதல் நிலையம் தொடங்கியது. 2014இல் 140 மெகாவாட் கொண்ட நான்காவது நிலையம் திறக்கப்பட்டது. உலக வங்கி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி எல்லாம் காசு போட்டன. பெருமைப்படக் கூடிய சாதனைதான், மறுக்கவில்லை.

ஒல்காரியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? மசாய் மக்களின் மா மொழியில் அது செங்காவி மண்ணைக் குறிக்கிற சொல். உடம்பில் பூசிக்கொள்கிற, சடங்குக்கு எடுக்கிற மண். மாடு மேய்த்து வாழ்ந்த அந்தச் சனம் வைத்த பெயரில்தான் இன்றைக்கு மின் நிலையங்கள் அழைக்கப்படுகின்றன. பெயர் மிஞ்சியது. காணிக்கு என்ன நடந்தது?

1904இல் பிரித்தானியர் மசாய்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வெள்ளைக் குடியேறிகளுக்காக நைவாஷாவைச் சுற்றியிருந்த நல்ல மேய்ச்சல் நிலத்தை விட்டுப் போகவேண்டும்; ஒதுக்கிக் கொடுக்கிற நிலம் மசாய் இனம் உள்ளவரை அவர்களுக்கே. ஏழே வருடத்தில், 1911இல், ஒதுக்கிக் கொடுத்த நிலத்தின் வடக்குப் பகுதியையும் விட்டுப் போகச் சொல்லி இன்னொரு ஒப்பந்தம். "உள்ளவரை" என்ற சொல்லின் ஆயுள் ஏழு வருடம். பிறகு பண்ணைகள் வந்தன. 1984இல் ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா வந்தது. தேசியப் பூங்காவுக்குள் மாடு மேய்க்கச் சட்டம் விடாது. ஆனால் அதே பூங்காவுக்குள் ஆழ்கிணறு தோண்டலாம், வீதி போடலாம், குழாய்களைக் கிலோமீற்றர் கணக்கில் இழுக்கலாம். மாட்டின் காலடி இயற்கைக்குக் கேடு, துளையிடும் இயந்திரம் இயற்கைக்கு நண்பன். இந்தத் தர்க்கம் எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா?

நான்காவது நிலையத்துக்காக 2014இல் நான்கு மசாய் ஊர்களை எழுப்பினார்கள். ஏறத்தாழ 150 குடும்பங்கள். மாற்று இடத்தில் கல்வீடு, பாடசாலை, சுகாதார நிலையம், 1700 ஏக்கர் காணி கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் நேர்மையில்லாதவர்கள் ஆவோம். புல்டோசரை மட்டும் அனுப்பி முடித்த கதை இல்லை இது. அப்படியும் அந்தச் சனம் முறையிட்டது. உலக வங்கியின் சொந்தப் பரிசோதனைக் குழுவே வந்து பார்த்தது. 2015இல் அந்தக் குழு தன் வங்கி தன் விதிகளையே சரியாகப் பின்பற்றவில்லை என்று எழுதியது. பழங்குடி மக்களுக்கான பாதுகாப்பு விதியை அந்தச் சனத்துக்குப் பொருத்தவேயில்லை. ஊர்ப் பெரியவர்களின் மரபான அமைப்பை ஓரங்கட்டிவிட்டார்கள். கலந்துரையாடல்களில் மா மொழிக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை. கொடுத்த காணியில் ஒரு பகுதி மழைநீர் அறுத்த பள்ளங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு மணிமாலை விற்று, ஆடிப்பாடி உழைத்த பண்பாட்டு ஊர் இடம் மாறியதால் அந்த வருமானமும் போனது. 2016இல் மத்தியஸ்தம் பேசி, சில குறைகளைத் தீர்ப்பதாக இணக்கப்பாடு ஒன்றுக்கு வந்தார்கள்.

மொழி விசயத்தில் கொஞ்சம் நிற்போம். உன் வீட்டை எடுக்கப் போகிறோம் என்ற செய்தியை உனக்கு விளங்காத மொழியில் சொன்னால், நீ தலையாட்டினதைச் சம்மதம் என்று எழுதலாமா? தனிச் சிங்களத்தில் வருகிற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இதில என்ன தம்பி எழுதியிருக்கு" எண்டு கேட்கிற ஐயாமாரைக் கண்ட எங்களுக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

இப்போது வழக்கமான பதில் வரும். "கோடிக்கணக்கான சனத்துக்கு வெளிச்சம் வேணும். நூற்றைம்பது குடும்பம் கொஞ்சம் தள்ளி இருந்தால் என்ன குறைஞ்சு போகும்? அதுவும் கல்வீடு குடுத்து?" கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கவனியுங்கள்: தள்ளி இருக்கச் சொல்லப்படுவது எப்போதும் ஒரே சனம். 1904இல் தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் 2014இலும் தள்ளினார்கள். நாட்டுக்காகத் தியாகம் என்பது முறைவைத்து வருகிற கடமையாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். நைரோபியின் பணக்காரக் குடியிருப்புக்கு அந்த முறை ஏன் ஒருக்காலும் வருவதில்லை?

இன்னொரு பதிலும் உண்டு, அது எங்கட ஆக்களிடமிருந்தே வரும். "காலநிலை எரிஞ்சு கொண்டிருக்கு. இப்ப காணிக் கணக்குப் பார்க்க நேரமில்லை." காலநிலை எரிகிறது, உண்மை. அதை எரியவைத்தவர்கள் மசாய் மாட்டுக்காரர்கள் இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் நூற்றைம்பது வருடம் கொளுத்திய நிலக்கரிக்கான தண்டத்தை ஒல்காரியா மேய்ச்சல் நிலத்தில் அறவிடுவது எந்த ஊர் நியாயம்? அதோடு, சனத்தை ஏமாற்றிக் கட்டுகிற திட்டம் வேகமாகவும் போவதில்லை. முறைப்பாடு, விசாரணை, மத்தியஸ்தம் என்று வருடங்கள் இழுபடும். ஒழுங்காகக் கேட்டுச் செய்திருந்தால் அந்த நேரம் மிஞ்சியிருக்கும்.

"அப்படியெண்டால் என்னதான் செய்யச் சொல்லுறியள்?" என்ற கேள்விக்கு நியூசிலாந்திலிருந்து பதில் சொல்லலாம். அங்கே முதலில் நடந்ததும் இதே பிழைதான். 1953இல் ஒரு சட்டம் போட்டு நிலத்துச் சூட்டின் மேலான அதிகாரத்தை அரசு தன் கையில் எடுத்தது. அந்தச் சூட்டில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து, குளித்து, நோய் ஆற்றி வந்த மாவோரி மக்களுக்கு அதில் சொல் இல்லாமல் போனது. 1958இல் வைராக்கெய் நிலையம் ஓடத் தொடங்கியது. எடுத்த வெந்நீரைத் திரும்ப நிலத்துக்குள் விடாமல் எடுத்துக்கொண்டே போனதால் கிட்டவிருந்த வெந்நீர்ப் பீச்சுகள் அடங்கின. ஓரிடத்தில் நிலம் 14, 15 மீற்றர் வரை கீழே இறங்கியது. ரொட்டொருவா நகரத்தில் ஆளுக்காள் கிணறு தோண்டி வெந்நீர் எடுத்ததில் போஹுட்டு என்ற புகழ்பெற்ற பீச்சு தளர்ந்துபோனது. 1986இல் அரசு தலையிட்டு அதைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் இருந்த கிணறுகளை மூடச் சொன்னது. பீச்சு மீண்டது. சூரியன் மாதிரி எடுக்க எடுக்கக் குறையாது என்று விளம்பரம் செய்யப்படுகிற சூடு இது. அளவுக்கு மீறி எடுத்தால் ஒவ்வொரு இடத்திலும் தளரும் என்பதற்கு இந்த இரண்டு ஊரும் சாட்சி.

அதே நாட்டில் மோகாய் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிலம் துவாரொபாக்கி என்ற மாவோரி அறக்கட்டளையுடையது. 2000ஆம் ஆண்டு அவர்கள் தங்கள் நிலத்துச் சூட்டில் தாங்களே மின் நிலையம் தொடங்கினார்கள். மின் நிறுவனம் ஒன்றுக்கு அதில் காற்பங்கு, முக்காற்பங்கு நிலத்துக்காரருடையது. மின்சாரத்தை விற்கிறார்கள். அதே சூட்டில் பசுமைக்குடில் அமைத்து மரக்கறி வளர்க்கிறார்கள். கிட்டவே மிராக்கா என்ற பால் தொழிற்சாலை, மாவோரி அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது. அதுவும் பூமியின் நீராவியில்தான் பாலைப் பவுடராக்குகிறது. பொறியியல் ஏறத்தாழ ஒன்றுதான். கிணறு, குழாய், நீராவி, டர்பைன். வேறுபாடு, மேசையில் யார் எந்தப் பக்கம் குந்தியிருந்தார்கள் என்பதில். ஒல்காரியாவில் சனத்துக்கு நட்டஈடு. மோகாயில் சனத்துக்கு உரிமை. நட்டஈட்டைக் கணக்குப் பார்த்து ஒருக்காத் தருவார்கள், அதோடு உறவு முடிந்தது. உரிமை இருந்தால் அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது, எப்போது நிற்பாட்டுவது என்று சொல்ல வாய் இருக்கும்.

மோகாயைச் சொர்க்கம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அங்கேயும் பங்கு காணி உரிமையைப் பின்பற்றித்தான் போகிறது. எங்கட ஊரில் அப்படியே கொண்டுவந்து பொருத்தினால் என்ன நடக்கும்? உறுதிக்காரருக்குப் பங்கு கிடைக்கும். தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்கிறவருக்கும், காணியே இல்லாத கூலிக்காரருக்கும், குடியிருக்கிற நிலத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத ஒடுக்கப்பட்ட சாதிக் குடியிருப்புக்கும் என்ன கிடைக்கும்? "எங்கட மண், எங்கட உரிமை" எண்டு மேடையில் கத்துகிறவர்கள் இந்த இடத்தில் குரலைக் குறைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கொழும்பிடம் கேட்கிற கேள்வியை ஊருக்குள்ளேயும் கேட்காவிட்டால் நாங்கள் கேட்பது நியாயம் இல்லை, பங்கு.

இனிக் கன்னியாவுக்கு வருவோம், அந்த மாவட்டத்துக்கு வருவோம். சம்பூர்ச் சனம் 2006இல் யுத்தத்தில் எழும்பி ஓடியது. ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது, பிறகு அதே மண்ணில் நிலக்கரி மின் நிலையம் என்றார்கள். சனம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் வருடக்கணக்காக இருந்து போராடியது. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கிவைத்தார்கள், இந்தியப் பிரதமரும் எங்கட சனாதிபதியும். நிலக்கரியைவிடச் சூரியன் எவ்வளவோ மேல், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எரிபொருள் மாறியதே தவிரச் சனத்தைக் கேட்கிற முறை மாறியதா? அதே வருடம் அதே மாவட்டத்தின் முத்துநகரில், சூரிய மின் திட்டத்துக்கு வயலைப் பறிகொடுத்த விவசாயிகள் வீதியில் குந்தினார்கள். மன்னாரில் காற்றாலைக்கு எதிராக ஊரே திரண்டது. நிலக்கரிக்கு எதிராக அவர்களோடு நின்ற சூழலியல் நண்பர்கள் சிலர் இப்போது "இது பசுமைத் திட்டம்தானே" எண்டு தலையைச் சொறிகிறார்கள். சுவாசிக்கிற புகை குறைந்தது நல்லது. ஆனால் வயல் போன விவசாயிக்கு வயல் போனது போனதுதான்.

கன்னியாவில் மின் நிலையம் வரப்போவதில்லை. அங்கே சனம் போவது குளிக்கவும், செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யவும். இராவணன் தாயின் கிரியைக்காக நிலத்தில் வாளால் குத்தியெடுத்த தண்ணீர் என்ற கதையோடு போகிறார்கள். அந்தச் சின்ன இடத்திலேயே, பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்டுவதற்கு எதிராக 2019இல் சனம் திரளவேண்டியிருந்தது, மேல் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை எடுக்கவேண்டியிருந்தது. நாற்பது பாகைத் தண்ணீருக்கே இந்தப் பாடு. அங்கே இருநூறு பாகை நீராவி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு அந்தப் பதிவைப் பகிருகிறவர்கள் ஒருக்கா யோசிக்கட்டும். ஐஸ்லாந்துச் சனத்தின் நிலைமை எங்களுக்கு வாய்த்திருக்காது. ஒல்காரியாச் சனத்தின் நிலைமைதான் வாய்த்திருக்கும்.

ஆகவே நாங்கள் சொல்வது மின்சாரம் வேண்டாம் என்பதில்லை. எங்கட பக்கத்துக்குக் காற்றாலையோ சூரியத் தகடோ வேறு எதுவோ வரட்டும். வரும்போது நாலு கேள்விக்கு எழுத்தில், எங்கட மொழியில் பதில் வரவேண்டும். காணி இப்போது யாருடைய பாவனையில் இருக்கிறது, உறுதியில் பெயர் இருக்கோ இல்லையோ? அந்தச் சனம் வேண்டாம் என்று சொன்னால் திட்டம் நிற்குமா, இல்லையென்றால் எதற்குக் கூட்டம் வைக்கிறீர்கள்? வருமானத்தில் அந்த ஊருக்கு ஒவ்வொரு வருடமும் என்ன பங்கு, அதில் காணியில்லாத குடும்பத்துக்கு என்ன? கம்பி மேலால் போகிற ஊரின் வீடுகளுக்கு அந்தக் கரண்ட் என்ன விலைக்கு வரும்?

இந்த நாலுக்கும் பதில் சொல்லக்கூடிய திட்டத்துக்கு முதல் ஆளாகக் கைதட்ட நாங்கள் தயார். பிரதேச செயலகத்தில் அடுத்த முறை "மக்கள் கலந்துரையாடல்" எண்டு அறிவித்தல் ஒட்டினால், அதை வாசித்துப்போட்டுப் போகாமல் உள்ளே போய்க் குந்துங்கள். கேள்வியைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.